வரன்கள் மாயமான விவகாரத்தில் பிரேம்குமார் கைப்பட எழுதித் தந்தது

பொதுமக்கள் கவனத்திற்கு: புதுச்சேரியில் கல்யாணத்துக்குக் காத்திருந்த முந்நூற்றுச் சொச்சம் வரன்கள், யாரும் யாரோடும் ஓடிப்போகாமலேயே, சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஒட்டுமொத்தமாகக் காணாமல் போனார்கள்.

இதைப் பார்த்த ஏட்டு முருகையன், "இன்னாடா, ரேடியோவுல சேதி வாசிக்கிறியா? மொதல்ல பேரு, வயச எழுது" என்றார். அடித்தல் திருத்தல் கூடாதாம், அதனால் மேல் வரி அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டர் வார்த்தைகள் தனக்கு எழுத வராது என்று அவர் சொன்னதால் நானே எழுதுகிறேன்.

பெயர் பிரேம்குமார், த/பெ தெய்வநாயகம், வயது 17, பிளஸ் டூ மாணவன், முதலியார்பேட்டை, ஆண்டு 2008. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய மார்க்கெட் அருகே புருஷோத்தமன் என்பவர் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறார். அவருடைய இணையதளத்தில் வரன் விவரங்களைத் தட்டச்சு செய்து ஏற்றுவது கலையரசி அக்காவின் வேலை. தளம் நடத்துகிறவர்களுக்கு உதவும் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரில் ஒட்டவைக்கும் குட்டிக் கருவிகளை, தேடித் தேடிச் சேர்ப்பது என் வழக்கம். ஒன்று பக்கத்தின் நிறத்தைச் சொல்லும், ஒன்று படத்தை அளக்கும். "ரிடையர் ஆவும்போது கவர்மெண்டுல குடுப்பாங்களே, அந்த எக்ஸ்டென்ஷனா?" என்று ஏட்டு கேட்டார். அது வேறு, இது வேறு. டென்ஷன் மட்டும் இரண்டுக்கும் பொது.

செவ்வாய்க்கிழமை, சில பக்கங்கள் திறக்கவில்லை என்று புருஷோத்தமன் என்னைக் கூப்பிட்டார். அதன் பிறகு தானே பாஸ்வேர்டு போட்டு, நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். இப்போது "அந்தப் பையன் என் மெஷினத் தொட்டதே இல்ல" என்கிறாராம். அப்படியானால் அன்றைக்கு எனக்கு டீயும் சமோசாவும் வாங்கித் தந்தது யார், அவருடைய ஆவியா?

அதன் பிறகு நான் இணைப்புகளைச் சோதிக்கும் எக்ஸ்டென்ஷனை ஓட்டினேன். அது பக்கத்திலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் தானே திறந்து பார்த்து, திறந்தால் பச்சை, திறக்காவிட்டால் சிவப்பு பூசும். எல்லாம் பச்சையானது. "அங்கிள், உங்க சைட்டு பசேல்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை தளத்தில் ஒரு வரன்கூட இல்லை. அதன் பிறகு நடந்தது கலையரசி அக்காவின் தம்பி சொல்லி எனக்குத் தெரியும்: புருஷோத்தமன், ஜாதகத்தோடு வந்திருந்த பெற்றோர்கள் முன்னிலையில், கலையரசி அக்காவின் பையை மேசைமேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸும் குடையும், தைக்க எடுத்துவந்த வார் அறுந்த செருப்பும் விழுந்தன. "எந்தக் கம்பெனிக்கு வித்துட்டு அழிச்ச, சொல்லு!" என்று கத்தினார். அக்கா செருப்பைத்தான் முதலில் எடுத்து மறைத்தார். "ஏத்தி ஏத்தி வெரல் தேஞ்சதுதான் மிச்சம் சார், நான் ஏன் அழிக்கப்போறேன்?" என்றார். புருஷோத்தமன் கேட்கவில்லை, புகார் கொடுத்தார். அக்காவுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு உழவர்கரை. ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கும் சேதி அங்கே போய்ச் சேர ஒரு டவுன் பஸ் போதும். பை கவிழ்த்தவரை இந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரமாவது உட்காரவைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான ஆத்திரம்.

நேற்று மாலை, புருஷோத்தமன் தளம் ஓடும் அதே மென்பொருளில் நான் நடத்தும் கடி ஜோக் தளத்தில் அதே சோதனையை ஓட்டினேன். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு ஜோக்குக்கும் பக்கத்தில் 'நீக்கு' என்று ஓர் இணைப்பு உண்டு. அதைத் திறந்தாலே போதும், 'நிச்சயமா?' என்று கேட்காமல் நீக்கிவிடும். சோதனை அதையும் வரிசையாகத் திறந்தது, பச்சை பூசியது. என் ஜோக்குகள் அத்தனையும் போயின. யாரும் அழவில்லை என்பது வேறு விஷயம்.

ஆக, வரன்களை அழித்தது அக்கா இல்லை, நான் ஓட்டிய சோதனை. இதை எழுதாமல் விட்டால் அப்பா விட்டாலும் அக்காவின் அந்தத் தம்பி விடமாட்டான் என்பதால் இதையும் எழுதுகிறேன்: புதன்கிழமை புருஷோத்தமன் என்னிடம் போனில் கேட்டபோது, "பெரிய ஹேக்கிங் அங்கிள், பாஸ்வேர்டு தெரிஞ்ச உள் ஆளுதான். ரெண்டு நாள்ல ட்ரேஸ் பண்ணித் தரேன்" என்று கெத்தாகச் சொன்னவன் நான். அதைக் கேட்டுத்தான் அவர் பையைக் கவிழ்த்தார். எனக்கு ட்ரேஸ் பண்ணத் தெரியாது. அந்த எக்ஸ்டென்ஷனின் பக்கத்தில், நிர்வாகப் பக்கங்களில் ஓட்டாதீர்கள் என்று எச்சரிக்கை இருந்திருக்கிறது. இங்கிலீஷ் நீளமாக இருந்ததால் நான் படிக்கவில்லை.

யாரும் அடிக்காமல், அப்பாவின் முறைப்பைத் தவிர வேறு வற்புறுத்தல் இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதினேன். கலையரசி அக்காவை இப்போதே வீட்டுக்கு அனுப்பவும்.

(ஒப்பம்) தெ. பிரேம்குமார்