ஏற்றத்தில் உடைத்த இரண்டாவது பூசணிக்காய்

என் பெயர் முனிகிருஷ்ணன். தகப்பனார் பெயர் சுப்புராயன். வயது அறுபத்தாறு. சொந்த ஊர் பாலசமுத்திரம். தற்போது வரதய்யபாளையத்தில் பள்ளிக்கூடத் தெருவில் என் மகள் காவ்யாவின் வீட்டில் குடியிருக்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரியும். தமிழில் சொன்னால்தான் விவரம் விட்டுப்போகாது என்று கேட்டுக்கொண்டதால், உதவி ஆய்வாளர் அவர்கள் கேள்வி கேட்க, நான் சொல்வதைத் தமிழ் எழுதத் தெரிந்த காவலர் ஒருவர் எழுதிக்கொள்கிறார்.

வரதய்யபாளையத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவே ஏரியை ஒட்டி இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் ஓடும் நீராவி ரயிலில் நான் கார்டாக இருக்கிறேன். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, மைக்கில் பயணிகளுக்கு வழியைப் பற்றிச் சொல்வதும், கொடி காட்டுவதும், தேவைப்பட்டால் அந்தப் பெட்டியில் உள்ள கைப்பிரேக்கைத் திருகுவதும் என் வேலை.

இந்த ரயில் எஞ்சின் பூங்காவுக்காகச் செய்யப்பட்டது அல்ல. வடக்கே ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை இழுத்த எஞ்சின் அது. ஆலை மூடிய பிறகு பூங்காவின் முதலாளி அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி வைத்தார். சில வருடம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதும் ஐஸ் விற்பதும் மட்டுமே நடந்தது. அதன் பிறகு ரயில்வேயில் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து, பாய்லர் குழாய்களை மாற்றி, சோதனை அதிகாரிகளிடம் காட்டி, ஏரியைச் சுற்றிக் குறுகிய தண்டவாளம் போடச் செய்தார். வழியில் ஏழு மேடுகள் எழுப்பி, திருமலையின் ஏழு மலைகளின் பெயரை வைத்தார்கள். அதனால் ஏழுமலை ரயில் என்று பெயர் வந்தது. முதலில் நிலக்கரி எரித்தோம். திருமலையில் சாமி பார்த்துவிட்டு வெள்ளை வேட்டியோடு வருகிறவர்கள் கரும்புள்ளி விழுந்து இறங்கினார்கள். அதன் பிறகு புத்தூர் பக்கத்து எண்ணெய் ஆலைகளிலிருந்து வேர்க்கடலைத் தோலை அழுத்திச் செய்த கட்டிகளை வாங்கி எரிக்கிறோம். புகை குறைந்தது. வண்டி போகும்போது கடலை வறுக்கிற வாசனை வருகிறது என்று பிள்ளைகள் சொல்லும்.

எஞ்சினை ஓட்டுபவர் தாட்சாயணி. அவரும் பாலசமுத்திரத்துக்காரர். அவருடைய தாய் தகப்பன் அந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் கூலிக்கு வெட்டியவர்கள். அவர் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு வந்து, ஓய்வு நேரத்தில் எஞ்சின் அடுப்பில் எரிகட்டி தள்ளக் கற்றுக்கொண்டு, பாய்லர் இயக்குபவருக்கான தேர்வு எழுதித் தேறியவர். அடுப்பைக் கவனிப்பவர் கிரண்குமார். ஆயுத பூஜையன்று நடந்த விபத்து பற்றிய இந்த வழக்கில் தாட்சாயணி மீது குற்றம் பதிவானால் அவருடைய சான்றிதழ் முடக்கப்படும் என்றும், நீராவி எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரி வண்டி வாங்கப் பூங்கா அலுவலகம் யோசிக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அதற்காக நான் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

இந்த ஆண்டு ஆயுத பூஜையன்று காலையில் எஞ்சினைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, புகைபோக்கிக்கு மாலை போட்டோம். ஸ்டேஷன் முகப்பில் தண்டவாளத்தின் குறுக்கே பூ வளைவு கட்டப்பட்டது. பூங்காவின் நிகழ்ச்சி மேலாளர் கமலக்கண்ணன் இரண்டு திருஷ்டிப் பூசணிக்காய்கள் வாங்கி வந்திருந்தார். அவர் குடும்பத்தில் லாரி வைத்திருந்தவர்கள். லாரிக்குச் செய்வது போல, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயைத் தண்டவாளத்தின் மேலேயே உடைத்து, அதன் மேல் வண்டி ஏறிப் போக வேண்டும் என்று சொன்னார்.

தாட்சாயணி எஞ்சினிலிருந்து இறங்கி வந்து, "சார், எலுமிச்சம்பழம் வெச்சிக்கோ. பூசணிக்காவ மட்டும் ரெயில் மேல ஒடைக்காத சார், பக்கத்துல மண்ணுல ஒடை," என்றார்.

அதற்குக் கமலக்கண்ணன், "இன்னாம்மா இது, ஊர்ல கீற லாரி, ஆட்டோ எல்லாத்துக்கும் செய்யுறோம், ஒன் வண்டிக்கு மட்டும் திருஷ்டி படாதா? அவ்ளோ அசிங்கமா கீதுன்னு நெனச்சிக்கினு கீறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். தாட்சாயணியும் சிரித்தார். ஆனாலும் கமலக்கண்ணன் முதல் காயைத் தண்டவாளத்திலேயே உடைத்ததும் கிரண்குமாரை அழைத்து, தண்டவாளத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, பழந்துணியால் துடைக்கச் செய்தார். அவரே குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே எஞ்சினில் ஏறினார். இதை நான் நேரில் பார்த்தேன்.

அதைப் பார்த்து மனம் கேளாமல்தான் கமலக்கண்ணன், துப்புரவுப் பணி செய்யும் ரத்னம்மாவிடம் இரண்டாவது பூசணிக்காயைக் கொடுத்து, பூ வளைவுக்கு அப்பால் முதல் மேட்டு ஏற்றத்தில் உடைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இது அப்போது எனக்கோ தாட்சாயணிக்கோ தெரியாது. ரத்னம்மா சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்பவர். இரண்டு தண்டவாளத்துக்கும் சமமாக வரவேண்டும் என்று காயைப் பாதியாக்கி, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி உடைத்து, மிதித்து, மேலே குங்குமத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்.

அதன் பிறகு வண்டி புறப்பட்டது. பெட்டிகள் நிறைந்திருந்தன. என் பெட்டியில் திருமலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல் வந்த ஒரு குடும்பம் இருந்தது. நான் மைக்கில், "இப்போது நாம் சேஷாத்ரி மலையில் ஏறப்போகிறோம்," என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எஞ்சினின் சத்தம் திடீரென்று மாறியது. சாதாரணமாக ஏற்றத்தில் அது ஆள் மாடிப்படி ஏறுவது போல நிறுத்தி நிறுத்தி மூச்சு விடும். அன்றைக்கு ஒரே மூச்சாக, உரலில் வேகமாகக் குத்துவது போல அடித்தது. ஆனால் வண்டி முன்னால் போகவில்லை. உடனே சத்தம் அடங்கியது. தாட்சாயணி நீராவியை மூடிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு வண்டி பின்னால் நகர்ந்தது.

இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் அவர்கள், சத்தம் பலமாக வந்தால் வண்டி வேகமாகப் போகிறது என்றுதானே பொருள் என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். சேற்றில் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் தெரியும். எஞ்சின் கத்தும், சக்கரம் சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும், சரிவாக இருந்தால் பின்னால்தான் வரும். குளியலறைக் கல்லில் சோப்பை மிதித்தவருக்கும் இது தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தேன். உதாரணம் ஒன்று போதும் என்று அவர் சொன்னதால் நிறுத்திக்கொண்டேன்.

வண்டி பின்னால் வரத் தொடங்கியதும் தாட்சாயணி விசிலை விடாமல் அடித்தார். அது கார்டு பிரேக் போட வேண்டும் என்பதற்கான அடையாளம். நான் கைப்பிரேக்கைத் திருகினேன். சக்கரம் நின்றது, ஆனால் நின்ற சக்கரத்தோடு பெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. சக்கரம் வழுக்காமல் பிடிக்கத் தண்டவாளத்தில் மணல் விடும் குழாய் எஞ்சினில் உண்டு. முந்தின நாள் மழையில் மணல் ஈரமாகிக் கட்டிக்கொண்டதால், கிரண்குமார் சுத்தியலால் தட்டியும் விழவில்லை என்று பிறகு சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தபோது, வண்டி போய்விட்டது என்று நினைத்து ஜனங்கள் பூ வளைவின் கீழே தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கமலக்கண்ணன் கற்பூரத் தட்டோடு நின்றார். நான் மைக்கில் விலகுங்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் கத்தினேன். பெரியவர்கள் விலகினார்கள். இரண்டு சிறு பிள்ளைகள் மட்டும் வருகிற பெட்டியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். கமலக்கண்ணன் தட்டை வீசிவிட்டு அவர்களை ஆளுக்கொரு பக்கம் தள்ளி, அந்த வேகத்தில் பிளாட்பார விளிம்பில் விழுந்தார். அவர் வலது மணிக்கட்டு முறிந்தது அப்படித்தான். வண்டி அவர் மேல் படவில்லை.

அந்த நேரத்தில் ரத்னம்மா, வளைவின் அருகே தீயணைக்க மணல் நிரப்பி மாட்டியிருக்கும் சிவப்பு வாளிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, என் பெட்டிக்குப் பின்னால் தண்டவாளத்தில் மணலைக் கொட்டிக்கொண்டே போனார். வருகிற வண்டியைப் பார்த்தபடி அவரும் பின்பக்கமாகவே ஓடினார். விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. என் பெட்டியின் சக்கரங்கள் மணலில் ஏறியதும் நறநறவென்று பிடித்தன. பூ வளைவின் ஒரு கால் சாய்ந்தது. வண்டி நின்றது. பெட்டிகளில் யாருக்கும் காயம் இல்லை. மொட்டை போட்டிருந்த பெரியவர் தலையைத் தடவிக்கொண்டு, "முடி குடுத்துட்டு வந்தோம் சார், அதான் தல தப்பிச்சிது," என்றார்.

நான் இறங்கி ஓடிப் பார்த்தபோது தாட்சாயணி எஞ்சினை விட்டு இறங்கவில்லை. பிரேக் பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி, "எல்லாரும் எறங்கினாங்களா சார்? கடைசி ஆள் எறங்கற வரிக்கும் நான் கைய எடுக்க மாட்டேன்," என்றார். பிறகு இறங்கி, சக்கரத்தைத் தடவி, விரலில் ஒட்டியிருந்த பூசணி விதையை எனக்குக் காட்டினார்.

கமலக்கண்ணன் திருப்பதியில் மருத்துவமனையில் இருந்தபோது, ஓட்டுநர் அஜாக்கிரதையாக வண்டியை ரிவர்ஸில் வேகமாக விட்டார் என்று புகார் கொடுத்ததாக அறிந்தேன். அது வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல என்பது என் கருத்து. மறுநாள் மாலை நான் அவரைப் பார்க்கப் போனேன். அவர், "நீயே சொல்லு சார், பின்னாடி நின்னுக்கினு கீறேன், எஞ்சின் கத்துது, வண்டி என் மேல வருது. நான் இன்னான்னு நெனப்பேன்?" என்று கேட்டார். அவருக்கும் மோட்டார் சைக்கிள் உதாரணத்தையே சொன்னேன். யார் எதை எங்கே உடைக்கச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "ஏத்தத்துல ஒண்ணு ஒடைக்கச் சொன்னேன் சார். அந்தப் பொண்ணு தொடச்சிப்புட்டதால திருஷ்டி போவலயோன்னு தோணிச்சி. நல்லதுக்குன்னுதான் செஞ்சேன்," என்றார். அதன் பிறகு, "தாட்சாயணி என்னப் பத்தி இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டார். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார் என்றேன். அது உண்மை.

உதவி ஆய்வாளர் அவர்கள் சம்பவ இடத்தைப் பார்வையிட வந்தபோது நானும் உடன் இருந்தேன். ஏற்றத்தில் தண்டவாளத்தின் ஓரத்தில் பூசணி நாரும் விதையும் அப்படியே இருந்தன. ரத்னம்மா பயந்து, தானே காட்டினார். "என்ன ஜெயில்ல போட்டாலும் பரவால்ல சார், அந்தப் பொண்ண உட்டுடுங்க, அது வேணாம்னு சொல்லிச்சி," என்றார். உதவி ஆய்வாளர் அவர்கள் காய்ந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கச் சொல்லி, தன் பூட்ஸ் காலை வைத்துப் பார்த்தார். வழுக்கி, கிரண்குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். இதை எழுதலாமா என்று காவலர் கேட்டதற்கு, நடந்ததுதானே, எழுது என்று அவரே சொன்னார்.

ரத்னம்மா சொன்னதைச் செய்தவர். கமலக்கண்ணன் வழக்கத்தைச் செய்தவர். ரப்பர் டயருக்குப் பொருந்துகிற வழக்கம் இரும்புச் சக்கரத்துக்குப் பொருந்தாது என்பது எங்கள் ஊரில் தாட்சாயணியைத் தவிர யாருக்கும் அதற்கு முன்னால் தெரிய வாய்ப்பில்லை, எங்களுக்கு ரயிலே புதிது. தாட்சாயணி தனக்குத் தெரிந்த இடத்தில் துடைத்தார், தெரியாத இடத்தில் வழுக்கியபோது செய்ய வேண்டியதைச் செய்தார். அவர் விசில் அடித்திராவிட்டால் ரத்னம்மா திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். அடுத்த ஆண்டு காயை வாசலில் மண்ணில் உடைப்பது என்று நாங்கள் பேசி முடித்திருக்கிறோம்.

தற்போது எஞ்சின் சீல் வைக்கப்பட்டு, பாய்லரில் பழைய தண்ணீரோடு நிற்கிறது. தண்ணீர் அப்படியே கிடந்தால் உள்ளே உப்புப் படியும். தாட்சாயணி தினமும் என்னிடம் கேட்பது, தண்ணீரை இறக்கினார்களா என்பதுதான். யார் முன்னிலையிலாவது அதை இறக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கமலக்கண்ணன் தன் புகாரைத் திருத்திச் சொல்வதற்காக இன்று வந்திருக்கிறார். அவரும் தாட்சாயணியும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இந்த ஜன்னல் வழியாக எனக்குத் தெரிகிறது. அவர் வாங்கி வந்த வறுத்த வேர்க்கடலையை அவரால் ஒரு கையால் உரிக்க முடியவில்லை. தாட்சாயணி உரித்து அவருடைய இடது கையில் போட்டுக்கொண்டிருக்கிறார். சற்று முன்னால் கமலக்கண்ணன் மடியில் விழுந்த தோலைத் தட்டிக் கீழே கொட்டப் போனபோது, "கீழ போடாத சார், இப்படிக் குடு. நம்ம வண்டிக்கு ஆவும்," என்று சொல்லி, தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டியது இங்கே எல்லோருக்கும் கேட்டது.

நான் சொன்னபடியே எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். இதில் உள்ளவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சு. முனிகிருஷ்ணன்