மாடி ஏறி வந்த முட்டிகள்

ஹலோ... ஆமா, ஆமா, மெர்வின் வீடுதான். நான் அவர் சம்சாரம் டோரீன்... அவர்கிட்ட குடுக்கறதா? அவர் எழுந்து வர்றதுக்குள்ள உங்க ஆபீஸை மூடிடுவாங்க. என்கிட்டயே சொல்லுங்க.

...ஓ, முட்டி ஊசி ஆராய்ச்சியா? டாக்டர் டாம்சினா? சௌக்கியமா தாயே... ம்... ம்... மருத்துவப் பத்திரிகைல வந்துடுச்சா. சந்தோஷம்... ஊசி போட்டுக்கிட்ட எல்லாருக்குமே குணமா? அட. அப்போ எங்க வீட்டு சோபால முட்டிக்கு ஐஸ் வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரே, அவர் யாரு?

...பார்ட்டியா? வெள்ளிக்கிழமை காலை டீ. ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டு வரணும். சரிதான், ஊசியும் நாங்களே போட்டுக்கணும், கேக்கும் நாங்களே சுட்டுக்கணும்... இல்லல்ல, கோபமெல்லாம் இல்ல. லாமிங்டன் கேக் செய்யறேன். எங்க வரணும்?... பரிசோதனை வச்ச அதே மாடியா? லிஃப்ட் சரியாயிடுச்சா?... இன்னும் இல்லையா.

...ஆமா, கடைசி நடைப் பரிசோதனைல அவர் இல்லதான். வந்தார்மா. மூணாவது படி வரைக்கும் வந்தார். அங்கயே உக்காந்துட்டார். கூட இன்னும் நாலஞ்சு பேர். நான்தான் கைத்தாங்கலா காருக்குக் கூட்டிட்டுப் போனேன்... என்னன்னு எழுதியிருக்கீங்க? 'பாதியில விலகிட்டார்'னா?... விலகினவங்க கணக்குல வர மாட்டாங்களா. அப்போ மாடி ஏறி வந்த முட்டியை மட்டும் பாத்திருக்கீங்க. பிரமாதம். மாடி ஏறுற முட்டி நல்லாத்தானே இருக்கும்.

...சிரிக்காதீங்க டாக்டர். என் தங்கச்சி க்ளெனிஸுக்கு வியாழக்கிழமை இதே ஊசி. அவ டாக்டர் உங்க கட்டுரையைக் காட்டித்தான் சம்மதிக்க வச்சிருக்கார். டெலோரைன்ல மாட்டுப் பண்ணை, தனியாளு. அவ முட்டி போச்சுன்னா பண்ணையும் போச்சு. நான் வேண்டாம்னா, 'அச்சுல வந்திருக்கு, உனக்கென்ன தெரியும்'ங்கறா. எனக்கு பயமா இருக்கும்மா.

...ஒரு வரி சேருங்க, போதும். ஊசிக்கப்புறம் படி ஏற முடியாமப் போனவங்களும் இருக்காங்கன்னு... ம்... அச்சாயிடுச்சு... ம்... ஆராய்ச்சியை நடத்தற பேராசிரியரைக் கேக்கணும். அவர் டீக்கு வர்றாரில்ல? அப்போ டீயைக் கீழ வைங்க. அதுவும் க்ளெனிஸ் ஊசிக்கு முன்னாடி, புதன்கிழமையே வைங்க. படியில உக்காந்தவங்க எல்லார் நம்பரும் என்கிட்ட இருக்கு, நானே கூட்டிட்டு வரேன். லாமிங்டன் இன்னும் நிறையவே செஞ்சுடறேன்...

ஹலோ?... ஹலோ?...

வச்சுட்டாங்க, மெர்வ். நானும் பாதியில விலகிட்டேன்னு எழுதிப்பாங்க.