‘படா’ ‘படும்’ ஆன கதை

அவைக்குத் தலைமையேற்று, பேச்சாளர்களின் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் கண்காணித்துக்கொண்டிருக்கும் தலைமை நூலகர் அம்மையார் அவர்களே! எங்கள் காலாண்டிதழை இருபத்திரண்டு ஆண்டுகளாக இடைவிடாமல் இழுத்துவரும் இதழாசிரியர் அவர்களே! வகுப்பறையில் கண்டித்தும் வராந்தாவில் தட்டிக்கொடுத்தும் மாணவர்களை எழுதவைத்த பேராசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் முதுகு சாயாமல் வீற்றிருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமலே, எழுதியது நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, நான்காய் மடித்த கதையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடம் நீட்டுவது, எப்போது நீட்டுவது என்று தவித்துக்கொண்டிருக்கும் இளைய எழுத்தாளர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் உங்களை வாழ்த்தினார்கள். அழகாக வாழ்த்தினார்கள். நான் வாழ்த்த வரவில்லை. வழக்காட வந்திருக்கிறேன்! வழக்கு யார்மீது? இதோ, எனக்கு இடப்பக்கம், மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளையை இப்போது அவசரமாக எடுக்கிறாரே, அந்த இதழாசிரியர்மீது!

சிரிக்கிறீர்கள். அவரும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். என்ன வழக்கு என்று அவருக்கு இன்னும் தெரியாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் ‘இலக்கிய ஆர்வலர்’ என்று போட்டிருக்கிறார்கள். பொய். நான் மெய்ப்பு பார்ப்பவள். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் அச்சேறுவதற்கு முன் படித்து, சிவப்புப் பென்சிலால் பிழை திருத்துவது என் தொழில். க், ச், த், ப் என்னும் ஒற்றெழுத்துகளுக்காக நான் போட்ட சண்டைகளைப் பார்த்து அச்சகத்தில் எனக்கு ‘ஒற்றம்மா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். என்ன சொல்கிறீர்கள், பின்வரிசையில்? அழைப்பிதழிலேயே ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறதா? கண்டேன் தம்பி. காலையில் கண்டதும் சாப்பாடே இறங்கவில்லை.

அப்படிப்பட்ட ஒற்றம்மா சென்ற ஆண்டு ஒரு பிழையைக் கோட்டைவிட்டாள். அந்தப் பிழையின் கதைதான் இன்றைய என் பேச்சு.

எங்கள் இதழ் முதன்முறையாக மாணவர் சிறுகதைப் போட்டி அறிவித்தது. சிறந்த பன்னிரண்டு கதைகள் நூலாகும் என்றது. அறிவிப்புக்கு எழுதிக் கொடுத்த கடைசி வரி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். எல்லா இதழ்களிலும் இருப்பதுதான். ‘தேர்வு பெறாத படைப்புகள் திருப்பி அனுப்பப்படா.’ அனுப்பப்படா! எத்தனை பேரின் இரவல் பேனாவையும் இரட்டைக்கோட்டுத் தாளையும் விழுங்கிய சொல் அது! வாசல்வரை வந்தவரிடம் முகம் காட்டாமல் கதவைச் சாத்தும் சொல் அல்லவா அது!

அந்த வரியில் ‘திருப்பி அனுப்ப’ என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று எனக்கும் தட்டச்சு செய்பவருக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. அந்த ஆவேசத்தில் வரியின் வாலை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. அறிவிப்பு அச்சாகி, கல்லூரிக்குக் கல்லூரி ஒட்டப்பட்டு, மூன்றாம் நாள் இதழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஒற்றம்மா, போஸ்டரைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேனே சார். ஒரு ஒற்றுகூட தப்பில்லை.”

“ஒற்று கிடக்கட்டும். கடைசி வரியைப் படிங்க.”

படித்தேன். ‘தேர்வு பெறாத படைப்புகள் திருப்பி அனுப்பப்படும்.’

படும்! எழுத்துப்பிழை என்றால் கண்ணில் குத்தியிருக்கும். இதுவோ பிழையே இல்லாத பிழை! இலக்கணம் சரி, ஒற்று சரி, ஓசையும் சரி. பொருள் மட்டும் தலைகீழ். அதற்குள் ஊரெல்லாம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

வந்த கதைகள் முந்நூற்றுப் பதினேழு. தேர்வானவை பன்னிரண்டு. நூல் வந்தது, விழா நடந்தது, மாலை போட்டார்கள். மாலை வாங்கியவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு என் வாழ்த்து. ஆனால் அலுவலக அலமாரியில் மிச்சம் முந்நூற்றைந்து கதைகள் கிடந்தனவே, அவற்றுக்கு யார் பதில்?

“தப்பு உங்களுது. நீங்களே அனுப்பிடுங்க” என்றார் இதழாசிரியர். நியாயம்தானே?

வெறும் தாளை உறையில் போட்டு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. பெண் கேட்டு வந்த வீட்டாரிடம்கூட ‘வேண்டாம்’ என்பதற்கு நாம் ஒரு காரணம் சொல்கிறோமே! ஒரு கதைக்குச் சொல்ல வேண்டாமா? ஏன் எடுக்கவில்லை என்று இரண்டு வரி, எந்த இடம் மனத்தில் நின்றது என்று ஒரு வரி. அவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் அந்த மூன்று வரி எழுத, கதையை முழுதாகப் படித்தாக வேண்டுமே! படித்தேன். பகலெல்லாம் படித்தேன். பேருந்தில் படித்தேன். பல் மருத்துவரிடம் காத்திருக்கையில் படித்தேன். எத்தனை வகை! கதாநாயகன் முதல் பக்கத்திலேயே செத்துப்போய், கடைசிப் பக்கம்வரை பேசிக்கொண்டேயிருந்த கதைகள் மட்டும் பதினாறு!

நூற்று நாற்பதாவதோ என்னவோ, ஒரு கதை வந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்கள். முதல் பக்கத்தின் மேலே சிவப்புப் பென்சிலில், ‘பிழை மலிந்தது. வேண்டாம்’ என்று எழுதியிருந்தது.

அவையோரே, அது என் கையெழுத்து.

ஆம். போட்டிக்கு வந்த கதைகளைச் சலிக்கும் முதல் சுற்றில் நானும் இருந்தேன்; அந்தக் கதையின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கியவள் நான்தான். ஓர் ஒற்று சரியில்லை, ஒரு லகர ளகரம் சரியில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை. எதற்காக? ஓர் ஒற்றுக்காக ஓர் உயிருள்ள கதையை ஒதுக்கினேனே, எனக்கு என்ன தண்டனை தரலாம்?

இப்போது திருப்பினேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. குவிந்து வரும் விரிப்புகளில் ஒருநாள் ஒரு குழந்தையின் சிவப்பு ஹேர்பின் சிக்கியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்குகிறாள். எல்லோரும் “இதைப் போயா?” என்கிறார்கள். அவளோ, “இன்னொருத்தங்க பொருள் என் கைக்கு வந்துடுச்சுங்க. கொடுத்துட்டாதான் எனக்கு வேலை ஓடும்” என்கிறாள். பத்தாவது பக்கத்தில் நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

கதையோடு ஒரு கடிதமும் இருந்தது. ‘என்னிடம் வேறு பிரதி இல்லை. அம்மா இன்னும் படிக்கவில்லை. திருப்பி அனுப்புவோம் என்று நீங்கள் போட்டிருந்ததால் மட்டுமே தைரியமாக அனுப்புகிறேன்.’

கேட்டீர்களா? அனுப்பப்படா என்று சரியாக அச்சடித்திருந்தால், அந்தக் கதை எங்கள் வாசலுக்கே வந்திருக்காது! என் பிழை அதை அழைத்து வந்தது; என் சரி அதை வெளியே தள்ளியது!

நூலோ வெளிவந்துவிட்டது. இனி நான் செய்யக்கூடியது ஒன்றுதான். உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தி, ‘திருத்தி மறுபடி அனுப்புங்கள், இதழில் போடச் சொல்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு எண்ணம்.

ஐந்தாம் நாள் அச்சகத்து வாசலில் ஒரு பெண். மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. கையில் என் திருத்தம். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“மேடம், ஒற்றெல்லாம் போட்டீங்க, சரி. ஆனா எங்க அம்மா பேச்சை ஏன் மாத்தினீங்க?”

“எங்கேம்மா மாத்தினேன்?”

“இங்கே. ‘எவ்வளவு தொவைச்சாலும்’னு எழுதியிருந்தேன். ‘துவைத்தாலும்’னு ஆக்கிட்டீங்க.”

“அதுதானேம்மா சரி?”

“மேடம், எங்க அம்மா துவைக்க மாட்டாங்க. தொவைப்பாங்க. துவைக்கிறது புஸ்தகத்துல. தொவைக்கிறது தொட்டியில.”

கைதட்டுங்கள்! எனக்கல்ல, அவளுக்கு! முப்பத்தோராண்டு மெய்ப்பு பார்த்தவளை, நின்ற நிலையில், ஒரே ஒரு சொல்லில் திருத்தினாள். பென்சிலை அவள் கையிலேயே கொடுத்தேன். எனக்குக் கோபமே வரவில்லை. இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் இருந்ததற்கு அன்றைக்குத்தான் எனக்கு முழு மகிழ்ச்சி.

சற்று முன் இங்கே வெளியிட்டார்களே சிறப்பிதழ், அதைப் புரட்டுங்கள். முதல் கதை அவளுடையது. பதினொன்றாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி. ‘தொவைச்சாலும்’ என்றே இருக்கிறது. மூன்றாம் வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அம்மா, எழுந்திருக்க வேண்டாம், கையை மட்டும் தூக்குங்கள். பாருங்கள், இந்தக் கைதான் ஹேர்பினைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாய் ஏறியது!

அவள் மட்டும்தானா? திரும்பிப் போன முந்நூற்றைந்தில் நாற்பத்தொரு கதைகள் திருந்தி மறுபடி வந்தன. அவற்றில் ஒன்பதுதான் இந்தச் சிறப்பிதழ். எழுத்தாளருக்கு வாய்ப்பு வேண்டும், மேடை வேண்டும், மாதக் கூட்டம் வேண்டும், நூல் வேண்டும். எல்லாம் வேண்டும்தான். அதற்கெல்லாம் முன்னால் அவருக்கு ஒரு பதில் வேண்டாமா? அனுப்பியதை ஒருவர் படித்தார் என்று தெரிய வேண்டாமா? மாணவர்களே, உங்கள் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு எண் போடுங்கள், ஒதுக்கிய இடத்துக்கே மறுபடியும் அனுப்புங்கள். என்னைப் போல் முதல் பக்கத்தோடு நிறுத்தியவர்கள் எங்கும் இருப்பார்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ‘இரண்டு நிமிடம்.’ அம்மையாரே, வழக்குக்கு வந்துவிட்டேன்.

இதோ என் கையில் இருப்பது இந்த ஆண்டுப் போட்டி அறிவிப்பின் மெய்ப்பு. இன்று காலை தந்தார்கள். நாளை அச்சுக்குப் போகிறது. கடைசி வரியைப் படிக்கிறேன். ‘தேர்வு பெறாத படைப்புகள் திருப்பி அனுப்பப்படா.’

ஓ என்கிறீர்கள். நானும் காலையில் அப்படித்தான் சொன்னேன்! இதில் பிழையில்லை. சரியானதைத் திருத்த மெய்ப்பு பார்ப்பவளுக்கு உரிமையும் இல்லை. ஆகவே பிழை திருத்தியே பிழைத்தவள், இன்று ஒரு பிழையைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு நிற்கிறேன். ஐயா, ‘படும்’ என்றே இருக்கட்டும்!

என்ன சொல்கிறார்? ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்புகிறேன். “முந்நூறு பேருக்கு உங்களை மாதிரி யாரும்மா உட்கார்ந்து எழுதறது? போன தடவை இதழே மூணு வாரம் தாமதமாச்சே” என்கிறார். உண்மை. அவர் கஷ்டம் அவருக்கு.

யாரது, பேசுவது? நம் தொவைச்சாலும் பெண்! அங்கிருந்தே சொல்லம்மா.

“நாங்க எழுதறோம் சார். நாங்க ஒன்பது பேர் இருக்கோம்.”

“நாற்பத்தொரு பேர்” என்கிறார் இன்னொருவர். கைகளைப் பாருங்கள் ஐயா! எண்ணிப் பாருங்கள்! ஒதுக்கப்பட்டவர்கள் உயர்த்திய கைகள் இவை. ஒதுக்கப்படுபவருக்கு என்ன எழுத வேண்டும் என்று இவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இதழாசிரியர் கையை நீட்டுகிறார். என்ன வேண்டும் ஐயா? தண்ணீரா? இல்லையாம்.

பென்சில் கேட்கிறார்!

இதோ. ‘டா’வை அடித்தார். ‘டும்’ எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். தாளை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். நன்றி ஐயா. பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. கை தூக்கிய உங்களுக்கும், கை தூக்கிக் காட்டிய அந்த அம்மாவுக்கும் நன்றி.

தொழில் முறைப்படி, அச்சுக்குப் போகுமுன் கடைசி வரி எழுத வேண்டியவள் நான். எழுதுகிறேன்: பார்த்தேன். பிழையில்லை. அச்சிடலாம்.

வணக்கம்.