சந்தனமாரி சொன்னதில் பாதி

டெல்லியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஹிந்தியிலேயே பேசலாம் சார். எனக்கு ஹிந்தி வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, கொச்சியின் யூதர் தெருவான ஜூ டவுனில் வடநாட்டுக்காரர்களுக்குப் பழைய விளக்கு விற்ற கடையில். விளக்கில் விரிசல் இருந்தால் மறுபக்கத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அந்த வாய்க்காகத்தான் மட்டாஞ்சேரி மருந்துச் சோதனை மையத்தில் என்னை மொழிபெயர்க்கச் சேர்த்துக்கொண்டார்கள்.

புது மூட்டுவலி மாத்திரை. தின்று பார்க்க ஆள் வேண்டும். சுக்குக் கிட்டங்கியில் குத்தவைத்துச் சுக்குப் பொறுக்கியே முட்டி தேய்ந்த எங்கள் தமிழ்ப் பெண்களை நான்தான் அழைத்து வந்தேன். "யூசுப் அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று கைநாட்டு வைத்தார்கள். சந்தனமாரியும் அப்படி வந்தவள்தான். எனக்கு அவளைப் பிடிக்கும், மறைப்பானேன்.

சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மும்பையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். யார் தலையீடும் கூடாதென்று எங்கள் டாக்டரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷி. ஆனால் தமிழ் தெரியாதே, என்னை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னார்.

சந்தனமாரி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முட்டுவலி போயிருச்சுண்ணே. ஆனா மூத்திரம் கட்டஞ்சாயா கணக்கா கறுப்பாப் போகுது, சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்குது. மாத்திரய நிறுத்திரட்டுமான்னு அந்தம்மாகிட்ட கேளுங்க."

"வலி போய்விட்டதாம்" என்றேன் ஹிந்தியில். பொய்யா? அவள் சொன்னதுதானே. டாக்டரம்மா சிரித்து அவள் தோளைத் தட்டினார்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"நிறுத்தவே கூடாதாம் தங்கச்சி. மருந்து நல்லாக் கேக்குதாம்."

ஈரல் கெட்டால் மூத்திரம் கறுக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெரிந்துதான் சொன்னேன். ஒருத்திக்காகச் சோதனையை நிறுத்தினால் மற்ற பெண்களின் முட்டிக்கு யார் பதில் சொல்வது? மையத்தை மூடினால் நான் மறுபடி விளக்குக் கடைக்குப் போக வேண்டும். அதையும் நினைத்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

அவள் ஒரு வேளைகூட விடாமல் தின்றாள். கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சுடுகாட்டுக்கு எங்கள் மையத்திலிருந்து போனவனும் நான் ஒருவன்தான். வாய்விட்டு அழுதேன் சார்.

வெளியே அவள் புருஷன் சுடலைமணி உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவருக்கு ஹிந்தி தெரியாது, உங்களுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே கூப்பிடுங்கள். அவர் சொல்வதை நான் உங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன்.