மடியில் மீன்தொட்டி

அட, ஆட்டாத தம்பி! மடியில இருக்கறது இன்னா மல்லாட்ட மூட்டையா? மீனுத் தொட்டிப்பா, கண்ணாடி! நின்னுக்கினு வர்றவங்க சாமானத்த ஒக்காந்துக்கினு வர்றவங்க வாங்கி வெச்சிக்கறதுதான? விழுப்புரத்துல ஏறசொல்ல நீயேதான் 'குடுங்கம்மா'ன்னு கை நீட்டன. இப்ப இன்னா நெளியற?

ஈரமா? ஆமா, ஒழுவும். ஒழுவறதாலதான திண்டிவனத்துக்குத் தூக்கிக்கினு போறேன்! ஒழுவாத தொட்டிய எவளாவது பஸ்ல ஏத்துவாளா? அங்க சீனுவாசன்னு ஒருத்தன் ரிப்பேரு பண்றான். போன்ல சொன்னான், 'பழைய இரும்புச் சட்டம் போட்ட தொட்டிம்மா, காய உட்டா சந்து இன்னும் விட்டுக்கும், ஈரமாவே எடுத்தாங்க'ன்னு. அதான் ரெண்டு சொம்பு ஊத்தி எடுத்தாந்தேன். பாதி உன் மேல எறங்கிட்டுதா? போவட்டும், நல்ல தண்ணிதான்.

தொட்டி என்னுது இல்ல. எங்க ஊட்டுக்காரருது. பாண்டிச்சேரில எவரோ டாக்டரு ஊட்ட இடிக்கசொல்ல வாங்கியாந்தாரு. எங்கிட்ட பேசறதவிட மீனாண்ட பேசறது ஜாஸ்தி. 'துரை, சாப்டியா? துரை, தூங்கனியா?' என்னிய ஒரு நாளாவது கேட்டிருப்பாரா? இதோ, என் கையில தூக்குச் சட்டியில இருக்கறாரு பாரு, துரை. பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போயிருக்கறாரு மனுசன், தங்கச்சி ஊட்ல தங்கி. நாளைக்கிக் காலையில வந்துடுவாரு. வந்தா செருப்பக்கூட கழட்ட மாட்டாரு, நேரா தொட்டியாண்டதான். அதுக்குள்ள இத்த அடைச்சாவணும். ஒரே பேஜாரு!

நானும் சும்மா இல்லப்பா. மொதல்ல சோப்புக் கட்டிய நசுக்கி வெளிய அப்பினேன். பஸ்சு டீசல் டேங்க்கு ஒழுவனாகூட சோப்புல நிக்கும்பாங்க... எங்க! தொட்டி நுரைச்சிக்கினு ஒழுவுது. அத்தக் கழுவிட்டு, கேப்பக் களிய கெட்டியா கிண்டி உள்பக்கம் வெச்சி அமுத்தனேன். நின்னுது தம்பி! சொட்டு இல்ல! துரைய உள்ள உட்டேன். அவரு இன்னா பண்ணாரு? சுத்திச் சுத்தி வந்து களிய பூரா தின்னுட்டாரு!

இத்தினி வருசம் ஒழுவாத தொட்டி... நான் சுத்தம் பண்ண அன்னிக்கேவா ஒழுவணும்? மனுசன் வந்து பாத்து அசந்து போவட்டும்னு தேச்சேன் பாரு... சட்டம் பளபளன்னு! உள்ள, கண்ணாடி ஓரமெல்லாம் தாரு மாதிரி கருப்பா அழுக்கு. அப்பா, இன்னா கெட்டி! தோசத் திருப்பியால சொரண்டி சொரண்டி என் மணிக்கட்டே போச்சி. ஒரு பொட்டு உடல...

இன்னா சிரிக்கற?

இன்னாது? அழுக்கு இல்லியா? அந்தக் கருப்புதான்... தண்ணிய நிறுத்திக்கினு இருந்துதா?

ஐயய்யோ.

மொள்ள பேசுப்பா, ஆளுங்க திரும்பறாங்க. இத பாரு கண்ணு, நீ நல்லா இருப்ப. எங்க ஊட்டுக்காரரு நம்பரு தர்றேன். 'ஐயா, பஸ்ல என் மடியில இருந்துது, நாந்தான் இடிச்சிட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லிடு. ஒன்ன அவரு இன்னா பண்ணிடப் போறாரு? நான்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு. பஸ்ல எதுக்குடி ஏத்தனன்னு கேட்டா, துரைக்கு ஊரு சுத்திக் காட்டனேன்னு நான் சமாளிச்சிக்கறேன்.

எங்க எழுந்துக்கற? தொட்டிய ஏன் சீட்டுல வெக்கற? இது கூட்டேரிப்பட்டுப்பா, நீ திண்டிவனத்துக்குத்தான டிக்கெட்டு எடுத்த? தம்பி... தம்பி!

கண்டக்டரே, விசிலு ஊதாதப்பா! என் தொட்டிய ஒடச்சவன் எறங்கி ஓடறான், புடி!