பதில் பாட்டு

நடந்தவற்றைச் சரியான வரிசையில் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம்தான். ஒலிகள் எனக்கு மறப்பதில்லை. எது முதலில், எது பின்னால் என்பதில்தான் குழப்பம். பின்னால் கேட்டதை எடுத்து முன்னால் வைப்பதுதான் என் தொழில். அந்தப் பழக்கம் மண்டைக்குள்ளும் வந்துவிட்டது போலிருக்கிறது. நீங்கள் கேட்பதால் முடிந்தவரை ஒழுங்காகச் சொல்கிறேன்.

புவெனஸ் ஐரிஸுக்கு வெகுதூரம் வடக்கே, ஹுஹூய் மலைப்பக்கம் ரயில் நின்றுபோய் நெடுநாளான ஒரு ஊரில், பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் நான் குடியிருந்தேன். மலைப்பாட்டையும் எந்திர ஓசையையும் சேர்த்து இசை செய்வேன். ஒரு பெண் குரல், கைப்பறையில் ஒரே மாதிரியான அடி, அதற்கு அடியில் வயிற்றில் அதிரும் ஒரு மின்னொலி. இதில் ஜனங்களுக்கு என்ன பிடிக்கிறது என்று முதல் நாளே கேட்டீர்கள். நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். எந்திரம் தாளம் தப்பாது. மனிதக் குரல் தப்பும். அந்தக் குரல் தாளத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடுவது கேட்பவருக்குத் தெரிகிறது. ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட, யாரோ தங்களைக் கூப்பிடுவது போல இருக்கிறது என்றுதான் எனக்கு எழுதுகிறார்கள்.

எர்மிண்டா ஆடு வளர்த்தாள், சந்தையில் பாலாடைக்கட்டி விற்றாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கார்னிவல் நாட்களில் எங்கள் ஊரில் வட்டமாக நின்று பாடுவார்கள். ஒருவர் கேலியாக நாலடி எடுத்துவிட்டால், எதிரில் நிற்பவர் நாலடியில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் வட்டத்தை விட்டு நகர்வது மரியாதையில்லை. எர்மிண்டாவுக்கு எதிரில் நிற்க ஆண்கள் பயப்படுவார்கள்.

அவள் குரலை வைத்து நான் செய்த முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள்.

"என் குரல்தான் பெட்டிக்காரரே. ஆனா ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு. உங்க பெட்டிக்குக் கொஞ்சம் கஷாயம் வெச்சுக் குடுங்க."

அந்தப் பாட்டுதான் என்னை வெளியூர்களில் தெரியவைத்தது. பிறகு நான் செய்த எதிலும் அவள் குரல் இல்லாமல் உயிரில்லை. மற்றப் பெண்களைப் பாடவைத்துப் பார்த்தேன். நன்றாகவே பாடினார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்த வருடம் கார்னிவல் வாரத்தில் அவள் என்னிடம் வந்து, ஊரைவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

"சால்தாவுக்கு, தங்கச்சி வீட்டுக்கு. இந்தக் குளிர் முட்டிக்கு ஆகல. ஆட்டையெல்லாம் அண்ணன் நெமெசியோ பாத்துப்பான்."

"அங்க போயும் பாடுவீங்கள்ல, டோன்யா எர்மிண்டா?"

"அங்க யாருக்கு எதிர்ல நின்னு பாடறது? தங்கச்சியோட ஃப்ரிட்ஜுக்கா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் போன பிறகு ஸ்டேஷனில் என் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர்கள் நெருங்கி வருவது போலிருந்தது. மிச்சமுள்ள வாழ்நாள் முழுவதும் பழைய பதிவுகளையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. கதவு இல்லாத இடத்தில் இருப்பது எப்படி என்று எனக்கும் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில் எஞ்சின்களுக்காகக் கட்டிய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. வறண்டு போனது. ஒரு சொல் போட்டால் அது சுற்றிச் சுற்றி வந்து பல பேர் சொன்னது போலக் கேட்கும். கடைசியாக ஒருமுறை அதற்குள் நின்று பாட முடியுமா என்று கேட்டேன். அவள் ஒப்புக்கொண்டாள். கார்னிவலின் கடைசி ஞாயிறு என்று முடிவானது.

அந்த ஞாயிறு மாலைதான், கார்னிவலை ஆட்டிவைப்பவன் என்று நாங்கள் நம்பும் பொம்மைச் சாத்தானைப் புதைப்பார்கள். குழியில் கோகா இலையும் சிகரெட்டும் வைத்து, சோளக்கள் ஊற்றி, மேலே கல் அடுக்குவார்கள். அதற்குப் பிறகு அடுத்த வருடம் வரை கார்னிவல் பாட்டுகளை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. பாடுவது அவன் ஒருவன்தான், மண்ணுக்குள்ளிருந்து, தன்னை வெளியே எடுக்கச் சொல்லி. அப்படிக் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் படித்தவர்களும் இதைக் கடைப்பிடிப்பார்கள்.

நூலேணியில் இறங்கும்போது, "புதைக்கறதுக்குள்ள என்னை மேல ஏத்திடுங்க. அப்புறம் பாட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

மைக்குகளை இறக்கினேன். ஏணி சுவரில் உரசும் சத்தம் விழுந்ததால் அதை மேலே இழுத்துக்கொண்டேன். அவளே இழுக்கச் சொன்னாள். நன்றாகப் பாடினாள். ஹெட்ஃபோனில் கேட்டேன். குறை ஒன்றுமில்லை. ஆனால் அது வீட்டுக்குப் போகப்போகிறவளின் குரல். எப்போது வேண்டுமானாலும் மேலே ஏறிவிடலாம் என்று தெரிந்த குரல்.

நான் ஏணியை இறக்கவில்லை.

முதலில் என்னைக் கேலி செய்து பாடினாள். பெட்டிக்காரர் தூங்கிவிட்டார், ஆடுகளுக்காவது என் நினைப்பு இருக்கும் என்று நாலடி. பிறகு நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருந்தாள். நான் ஏதாவது சொன்னால் பதிவு கெட்டுவிடும். புதைக்கிற இடத்தில் வெடிச்சத்தம் கேட்டதும் பாட்டை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். என் பெயரை, நெமெசியோ பெயரை, தங்கச்சி பெயரை. இரவைப் பற்றிக் கேட்டீர்கள். இரவு குளிராக இருந்தது.

விடிந்தபோது மறுபடியும் பாடினாள். நன்றாகப் பாடினால் தூக்கிவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். பாடக் கூடாத நாளில், தொண்டை கிழிந்து, ஒவ்வொரு அடிக்கு நடுவிலும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பாடினாள். அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. என் கை தானாகவே மின்னொலியைக் கூட்டிற்று.

அந்தப் பக்கமாக நெமெசியோவும் வேறு இருவரும் வந்தார்கள். நெமெசியோ அவளுடைய பெரியப்பா மகன். முகத்தில் கார்னிவலில் பூசிக்கொண்ட மாவு இன்னும் அப்பியிருந்தது. கிழிந்து, தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்த அந்தக் குரல் யாருடையது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

"வாத்தியாரே, கேக்குதா? புதைச்சு ஒரு ராத்திரிதான் ஆச்சு, அதுக்குள்ள எந்திரிக்கப் பாக்கறான்."

"கேக்குது" என்றேன்.

"என் பேரைச் சொல்றான் பாருங்க. அவனுக்கு எல்லார் பேரும் தெரியும்."

"எர்மிண்டா இருந்திருந்தா பதிலுக்கு நாலு விட்டு அவனையே ஓடவெச்சிருப்பா" என்றான் இன்னொருவன்.

"அவதான் புதைக்கறதைக்கூடப் பாக்காம பஸ் ஏறிட்டாளே, கல் நெஞ்சுக்காரி."

அவர்கள் மேலிருந்து கள்ளை ஊற்றினார்கள். கோகா இலை போட்டார்கள். எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. பக்கத்தில் கிடந்த பலகைக்கல்லை நகர்த்தித் தொட்டியின் வாயை மூடினார்கள். கல் கனமானது. நால்வர் வேண்டியிருந்தது. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது என்று நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மைக் கம்பிகள் கல்லுக்கடியில் நசுங்கவில்லை. அது என் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது பஸ் விஷயம். அவள் சால்தாவுக்கு பஸ் ஏறிவிட்டாள் என்று நெமெசியோவிடம் நான்தான் சொன்னேன். எப்போது சொன்னேன் என்பது நினைவில்லை என்றேன். இப்போது நினைவு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னேன். அப்போது அவள் தன் வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்தாள். தங்கச்சிக்கும் அவள் பயணம் தள்ளிப்போகிறது என்று நானே தகவல் அனுப்பினேன். அந்த ஞாயிற்றை நான் தேர்ந்தெடுத்தது, மறுநாள் மண்ணுக்குள்ளிருந்து வரும் குரலுக்கு எங்கள் ஊரில் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதற்காகத்தான்.

பாட்டு வெளிவந்தது. மின்னொலிக்கு அடியில் அவள் தங்கச்சியைக் கூப்பிடும் இடத்தை நான் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி யாரும் எச்சரிக்கவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. பாட்டிலேயே அழகான இடம் அது. சால்தாவில் ஒரு துணிக்கடையில் அதைப் போட்டிருக்கிறார்கள். தங்கச்சி ஃப்ளோரென்சியா அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைக் கேட்டாள்.

கல்லை நகர்த்த இந்த முறையும் நால்வர் வேண்டியிருந்ததாகச் சொன்னார்கள். எர்மிண்டாவைக் கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். ஆடுகளை ஃப்ளோரென்சியா விற்றுவிட்டாள். நெமெசியோ குடிப்பதையும் பாடுவதையும் விட்டுவிட்டான். யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். தொட்டியை மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். என் எந்திரங்கள் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. பாட்டை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு போட்டீர்கள், ஆனால் பெர்லினிலும் புவெனஸ் ஐரிஸிலும் அதற்கு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதுகிறார்கள். அண்ணன் முறையானவன் அவள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பி நடந்தான். ஊரே காதைப் பொத்திக்கொண்டது. அவள் குரல் நிற்கும்வரை ஹெட்ஃபோனைக் கழற்றாமல் கூடவே இருந்தவன் நான் ஒருவன்தான்.