முறை வைத்துப் பார்த்தோம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு கூர்மை, மேடம். பால் திரியப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததும், மாடியில் என் ஓரகத்தி ஒரு வாரம், கீழே நான் ஒரு வாரம் என்று அவருடைய பிள்ளைகள் இருவரும் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு தூக்கி ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அப்பாவுக்கு அவர்கள் செய்தது அவ்வளவுதான்.

முதலில் அவள் என்னை ஏமாளி என்று நினைத்தாள். மலம் காய்ந்து முதுகுத் தோலோடு ஒட்டிய நிலையில் அவர் கீழே வந்தார். சுடுதண்ணீரில் ஊறவைத்துத்தான் பிரிக்க முடிந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு நானும் அப்படியே மேலே அனுப்பினேன். பல வாரம் இப்படியே போனது. முதுகில் புண் வந்தது. புண்ணில் புழு வந்தது.

பிறகு ஒரு ஞாயிறு அவர் குளித்து, பவுடர் பூசி இறங்கினார். மரியாதைக்கு மரியாதை. நானும் சுத்தமாகவே திருப்பி அனுப்பினேன். அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, ராத்திரிக் கஞ்சியை நிறுத்திட்டேன். துணி நனையறதே இல்ல."

"மாமா கேக்கலையா?"

"கேட்டாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

வாரக் கடைசியில் நான் ஊட்டினால் அவள் அள்ள வேண்டும். அவள் ஊட்டினால் நான் அள்ள வேண்டும். அதனால் நானும் இரவுக் கஞ்சியை நிறுத்தினேன். அவள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தாள். நானும் குறைத்தேன். பிறகு தண்ணீர். ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றவே இல்லை. சேர்ந்து கடைக்குப் போகும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

"அப்பா இப்பல்லாம் தூக்க லேசா இருக்காரு," என்றார் கொழுந்தன். என் கணவர் தலையாட்டினார்.

அவள் பழியெல்லாம் என்மேல் போட்டுவிட்டாள் என்று நீங்கள் சொன்னதால்தான் அவள் செய்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இல்லையென்றால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ஆமாம், பட்டினி போட்டதால்தான் செத்தார். என் வாரத்தில் செத்தார். ஆனால் கொடுமைப்படுத்தினோம் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். கடைசியில் மாமாவே எங்களோடு ஒத்துப்போய்விட்டார். தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டார்.